வெளிச்சம் பட்டால் கிருமியைக் கொல்லும் பெயின்ட்: குளச்சலில் கடலோர வீட்டுக்கு அடிக்கலாமா?

வெளிச்சுவருக்கு என்றால் யோசிக்கலாம். படுக்கையறைக்கு என்றால் காசு வீண்.

இந்தப் பூச்சில் வேலை செய்வது டைட்டானியம் டை ஆக்சைடு. அதன் மூலத்தாதுவான இல்மனைட் உங்கள் ஊருக்குப் பக்கத்தில், மணவாளக்குறிச்சி கடற்கரை மணலிலேயே கிடக்கிறது! புற ஊதாக் கதிர் பட்டதும் இதிலுள்ள எலக்ட்ரான்கள் துள்ளி எழும். அவையும் அவை விட்டுச்சென்ற காலியிடங்களும் காற்றின் ஈரம், ஆக்சிஜனோடு சேர்ந்து ஹைட்ராக்சில் போன்ற வீரியமான துணுக்குகளை உண்டாக்கும். அவை கிருமியின் மேலுறையை அரிக்கும். புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடை நைட்ரேட்டாக மாற்றும், மழை அதைக் கழுவிவிடும். டைட்டானியம் டை ஆக்சைடு தான் செலவாகாமல் வினையை நடத்தும் வினையூக்கி என்பதால் தீர்ந்துபோகாது. 1972இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் இதே பொருளில் ஒளி பட்டு நீர் பிரிவதை வெளியிட்டதிலிருந்துதான் இந்தத் துறை சூடுபிடித்தது.

சாதா வெள்ளை பெயின்ட்டிலும் இதே பொருள் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் பெயின்ட்டையே அரித்து உதிர்த்துவிடக் கூடாது என்று, அந்தத் துகள்களுக்கு சிலிகா, அலுமினா உறை போட்டு அடக்கி வைத்திருப்பார்கள்.

சரி, சிக்கல் எங்கே? வழக்கமான வகைக்கு சுமார் 387 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள ஒளி, அதாவது புற ஊதாக் கதிர் வேண்டும். வீட்டு எல்இடி விளக்கில் அது கிட்டத்தட்ட இல்லை. வெயிலிலும்கூட கிருமி சாக நேரம் பிடிக்கும். தொட்டதும் சாகும் என்பதெல்லாம் விற்பனைப் பேச்சு. அப்புறம் கடல் உப்பு. உப்பையும் தூசியையும் இது சிதைக்காது, அவை படிந்தால் வேலை மந்தமாகும். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் வெளிச்சுவர் தப்பிக்கும். மழை படாத சன்ஷேடு அடிப்பகுதியை அவ்வப்போது நீங்களே கழுவ வேண்டியிருக்கும்.