ஓவியக் கல்லூரி மாணவர்கள் தங்கள் படைப்புக்குச் சொல்லும் அர்த்தம் நிஜமா, பிற்பாடு ஒட்டவைப்பதா?

மற்றவர்களைப் பற்றித் தெரியாது, என் விஷயத்தில் இரண்டும் உண்டு. எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரியில் பதிப்போவியம் படிக்கிறேன். மரப்பலகையையோ லினோ என்கிற மெத்தென்ற லினோலியத் தகட்டையோ செதுக்கி, மை தடவித் தாளில் எடுக்கிற படங்கள். "எதையாவது கிறுக்கிவிட்டு அப்புறம் கதை சொல்கிறார்கள்" என்று கேள்விக்குக் கீழே எழுதியிருக்கிறீர்கள். சரி, நான் செய்த மூன்றை வைத்தே சொல்கிறேன், கதையா இல்லையா என்று நீங்களே பாருங்கள்.

ஊர் சிவகாசி. அப்பா ஆஃப்செட் அச்சகத்தில் மிஷின்மேன். இதைச் சொல்லாமல் என் படங்களைப் பற்றிப் பேச முடியாது.

நீங்கள் அச்சில் பார்க்கிற கலர் படங்கள் பெரும்பாலும் நான்கு மைகளில் அச்சானவை: சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு. நான்கும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும், அதைத்தான் ரிஜிஸ்டர் என்பார்கள். மிஷின் ஓடத் தொடங்கியதும் அது சேர்ந்துவிடாது. முதலில் வருவதில் முருகனுக்கு இரண்டு மூக்கு இருக்கும், வேல் ஒரு பக்கமும் அதன் மஞ்சள் இன்னொரு பக்கமும் நிற்கும், மிஷின்மேன் தாளை எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்வார். இந்தச் சோதனைக்கு நல்ல தாளை வீணாக்க மாட்டார்கள். நேற்று வீணான தாளையே இன்றைக்கும் விடுவார்கள், நாளைக்கும். அதனால் ஒரே தாளில் சாமி காலண்டர், அதன்மேல் பட்டாசுப் பெட்டி லேபிள், அதன்மேல் பள்ளி நோட்டு அட்டை, அதற்கும் மேல் யாரோ ஒருவர் கல்யாணப் பத்திரிகையின் பிள்ளையார் என்று ஏறிக்கொண்டே போகும். கடைசியில் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போய்விடும். சின்ன வயதில் என் பாடப்புத்தகங்களுக்கு அட்டை போட்டது இந்தத் தாள்களில்தான்.

முதல் படைப்பு இந்தத் தாள்களின் மேல் எடுத்தது. குனிந்து லென்ஸில் பார்க்கிற ஒரு மனிதரின் உருவத்தைப் பலகையில் பள்ளமாகச் செதுக்கி எடுத்துவிட்டேன், சுற்றியுள்ள இடத்தை அப்படியே மேடாக விட்டேன். மை மேட்டில்தானே ஏறும்? ஆகவே தாள் முழுக்கக் கருப்பு, மனிதர் இருக்கும் இடத்தில் மட்டும் மை இல்லை, அங்கே அடியில் இருக்கிற வேஸ்ட் அச்சு தெரியும். அவருடைய முதுகு சரவெடி லேபிள், தோள்பட்டையில் மயில் கழுத்து, கை முழுக்க எழுத்து. (வழவழப்பான ஆர்ட் பேப்பர் மையை உறிஞ்சாது, காயவே காயாமல் கொடியில் தொங்கிக்கொண்டு கிடந்தது, துறையில் எல்லோர் சட்டையிலும் கருப்பு.)

பார்த்தவர்கள் சொன்னது: தொழிலாளி உடம்பைச் சந்தை தின்கிறது. இன்னொருவர், ஒரு தாளில் முருகனும் வேளாங்கண்ணி மாதாவும் பிறையும் சேர்ந்து வந்ததைப் பார்த்து, மத நல்லிணக்கம் என்றார். அது அச்சகத்துக்கு ஆர்டர் வந்த வரிசை, வேறொன்றும் இல்லை. ஆனாலும் அவருக்கு அப்படித் தெரிந்ததென்றால் நான் போய்த் தடுக்க முடியாது, தடுக்கவும் இல்லை. "வார்ஹோல் பாணி" என்றும் ஒருவர் சொன்னார். 1962-இல் அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் செய்த மர்லின் மன்றோ படங்களில் உதட்டுச் சாயம் உதட்டைவிட்டு விலகி நிற்கும், அது ஞாபகம் வந்திருக்கும். அந்த விலகல் படம் செய்தவரின் விருப்பம். என் தாளில் இருப்பது விலகக் கூடாது என்று ஒரு ஆள் நின்று போராடியதன் தடம்.

நான் நினைத்தது அதைத்தான். அச்சு நன்றாக வந்தால் அச்சடித்தவர் அதில் இருக்கவே மாட்டார். அந்தக் காலத்து சாமி காலண்டரை எடுத்துப் பாருங்கள், கோவில்பட்டி சி. கொண்டையராஜு வரைந்ததென்றால் மூலையில் அவர் கையெழுத்து இருக்கும் (அவர் படித்ததும் எங்கள் கல்லூரிதான், மெட்ராஸ் ஓவியப் பள்ளியாக இருந்த காலத்தில்). அச்சகத்தின் பெயர் இருக்கும், ஜவுளிக்கடை பெயர் பெரிதாக இருக்கும். மையைக் கூட்டிக் குறைத்து அந்த முகத்துக்கு அந்த நிறத்தைக் கொண்டுவந்த ஆள்? அவருடைய கண்ணும் கையும் தெரிகிற ஒரே இடம், தூக்கிப்போடுகிற தாள். இதை நான் பிற்பாடு யோசித்துச் சேர்க்கவில்லை, பலகை வாங்கும் முன்பே இதுதான் இருந்தது.

அப்பா வந்து பார்த்தார். "ரிஜிஸ்டர் அவுட்டா கிடக்கு, இதையா சுவத்துல மாட்டிருக்காங்க?" என்று கேட்டுவிட்டு, கிட்டே போய் எந்த லேபிள் எந்த மிஷினில் ஓடியது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். எனக்குக் கிடைத்ததிலேயே உருப்படியான விமர்சனம் அதுதான்.

இரண்டாவது, அம்மாவின் முகம். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியானதும் ஊரில் ஆர்டர் குவியும். அங்கிருந்து மார்கழி வரை அம்மாவுக்கு தினசரி காலண்டரின் தாள் கட்டை அட்டையில் ஒட்டுகிற வேலை. அந்த முகத்தை லினோவில் செதுக்கி, வெள்ளைத் தாளில் மஞ்சள் மையால் மட்டும் எடுத்தேன். இரண்டு அடி தள்ளி நின்றால் வெறும் தாள் போலத்தான் இருக்கும். பக்கத்திலேயே ஒரு நீலக் கண்ணாடித் தாள் தொங்கவிட்டேன், அதன் வழியாகப் பார்த்தால் முகம் கருமையாக எழுந்து வரும், ஏனென்றால் மஞ்சள் மை நீல ஒளியை விழுங்கிவிடும். அப்பாவின் வேலையைப் பற்றி ஊரே பேசும், அம்மாவின் வேலையை வீட்டிலேயே யாரும் வேலை என்று சொன்னதில்லை, பார்க்க வேண்டுமென்றால் நீங்கள்தான் கொஞ்சம் சிரமப்பட வேண்டும் என்றுதான் அப்படிச் செய்தேன் என்று எல்லோரிடமும் சொல்வேன். இதில் பாதிதான் செய்யும்போது இருந்தது. மஞ்சள் மைக்கான அச்சுத் தகட்டை மட்டும் தனியாக ஓட்டினால் எப்படி இருக்கும் என்ற ஆசையில்தான் ஆரம்பித்தேன், யாருடைய முகம் என்று முடிவானதும்தான் மிச்சம் பிடிபட்டது. இதை நீங்கள் ஒட்டவைத்தது என்றால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

மூன்றாவது, ரிஜிஸ்டர் குறிகள். வட்டத்துக்குள் கூட்டல் குறி, தாள் ஓரத்தில் அடித்து வெட்டி எறிவார்களே அது. தாள் நிறைய அதையே அடித்திருக்கிறேன். "வெட்டி எறியப்படும் விளிம்பு" என்று ஏதாவது சொல்லலாம்தான், கண்காட்சிக் குறிப்பில் சொல்லியும் இருக்கிறேன், நிஜத்தில் அந்தக் குறி பார்க்க அழகாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது என் பிரச்சினை அர்த்தம் இல்லை, தாள். புது மிஷின்களில் மை அளவையும் ரிஜிஸ்டரையும் கம்ப்யூட்டரே முன்கூட்டி அமைத்துவிடுகிறது, வேஸ்ட் மிகக் குறைவு, அப்படிப் பலமுறை ஓடிய தாள் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. சிவகாசி பக்கம் அச்சகம் வைத்திருக்கும் யாராவது இதைப் படித்தால் கீழே ஒரு வரி எழுதுங்கள், பழைய பேப்பர் கடை விலையைவிடக் கூடவே தருகிறேன்.