'உலக' கராத்தே சான்றிதழ்: பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

கேள்வி: மகன் மூன்று வருடமாகக் கராத்தே வகுப்புக்குப் போகிறான். பிளாக் பெல்ட் தேர்வுக்குத் தனியாகப் பெரிய தொகை கேட்கிறார்கள். 'உலக அமைப்பின் சான்றிதழ், எந்த நாட்டிலும் செல்லும்' என்கிறார் மாஸ்டர். கட்டலாமா?

பதில்: எந்த நாட்டிலும் செல்லும் கராத்தே சான்றிதழ் என்று ஒன்று இல்லவே இல்லை. இந்தக் கலைக்கு ஒரே தலைமை இருந்ததும் கிடையாது. ஜப்பானின் ஒகினாவா தீவில் வளர்ந்த கராத்தேயை ஃபுனாகோஷி கிச்சின் என்ற ஆசிரியர் 1922இல் டோக்கியோவில் செய்து காட்டினார். அதன்பின் ஷோட்டோகான், கோஜு-ரியூ, ஷிட்டோ-ரியூ, வாடோ-ரியூ என்று ஸ்டைல்கள் தனித்தனியாக வேர்விட்டன. ஒவ்வொரு ஸ்டைலுக்குள்ளும் பிரிவுகள் உண்டு. ஷோட்டோகானில் 1949இல் தொடங்கிய ஜே.கே.ஏ. (ஜப்பான் கராத்தே அசோசியேஷன்) இருக்க, அதிலிருந்து பிரிந்த கனசாவா என்ற மாஸ்டர் எஸ்.கே.ஐ.எஃப். என்று தனி அமைப்பு கண்டார். கியோகுஷின் என்ற இன்னொரு ஸ்டைலை நிறுவிய ஓயாமா 1994இல் இறந்ததும் சீடர்கள் பிரிந்தார்கள். இன்று ஒரே பெயரில் பல தலைமையகங்கள். ஒன்றின் சான்றிதழை இன்னொன்று ஏற்க வேண்டிய கட்டாயமில்லை.

அதனால் மாஸ்டரிடம் இப்படிக் கேளுங்கள்: எந்த ஸ்டைல், அதில் எந்த அமைப்பு? சான்றிதழில் கையெழுத்து யாருடையது? பதிவு எண் உண்டா, தலைமையகத்துக்கு எழுதி நாமே சரிபார்க்க முடியுமா? கட்டும் தொகையில் அங்கே போவது எவ்வளவு, ரசீது தருவீர்களா? ஏற்கெனவே தேறிய மாணவரின் சான்றிதழைக் கையில் வாங்கிப் பாருங்கள். மாஸ்டர் கையெழுத்து மட்டும் இருந்தால் அது அவருடைய சொந்தச் சான்றிதழ். அதில் தப்பில்லை, டோக்கியோ விலைக்கு விற்பதுதான் தப்பு.

ஸ்போர்ட்ஸ் கோட்டாவை நினைத்துக் கட்டுவதானால் நிறுத்துங்கள். அங்கே கேட்பது போட்டிச் சான்றிதழை, பெல்ட் சான்றிதழை அல்ல. அந்த ஆண்டு விதிமுறையில் கராத்தேயும் போட்டியை நடத்திய அமைப்பும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: வேறு ஊருக்கு மாறினோம். ஷோட்டோகானில் பிரவுன் பெல்ட் வாங்கிய மகளை இங்குள்ள கோஜு-ரியூ வகுப்பில் வெள்ளை பெல்ட் கட்டச் சொல்கிறார்கள். பணம் பிடுங்கும் வேலையா?

பதில்: அப்படி உடனே முடிவு கட்ட வேண்டாம். ஷோட்டோகானில் ஹெயான் கட்டாக்களில் (கட்டா என்பது எதிராளி இல்லாமல் தனியாகச் செய்யும் அசைவு வரிசை) தொடங்குவார்கள். கோஜுவில் கெகிசாய், மூச்சைக் கட்டுப்படுத்தி விட்டுச் செய்யும் சான்ச்சின் என்று பாதையே வேறு. நிற்கும் நிலைகூட அங்கே குட்டையாக, நிமிர்ந்து இருக்கும். ஷிட்டோ-ரியூ வகுப்பு கிடைத்தால் மாறுவது சற்று எளிது, ஏனென்றால் அவர்களுடைய பினான் கட்டாக்கள்தான் ஷோட்டோகானின் ஹெயான். அங்கேயும் ஒரு சிக்கல்: ஷிட்டோ-ரியூவின் பினான் நிடான்தான் (இரண்டாவது) ஷோட்டோகானின் ஹெயான் ஷோடான் (முதலாவது). ஃபுனாகோஷி வரிசையில் முதல் இரண்டையும் இடம் மாற்றிவிட்டார். பெயரைக் கேட்டு ஆடினால் குழந்தை திணறும். எத்தனை மாதத்தில் பழைய நிலைக்குத் தேர்வு வைப்பீர்கள், இடையில் எத்தனை கிரேடிங் கட்டணம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெல்ட்டுக்கும் மறுபடி முழுக் கட்டணம் என்றால் உங்கள் சந்தேகம் சரிதான்.

கேள்வி: ஆன்லைனில் டிரஸ்ஸும் கிளவுஸும் வாங்கலாமா?

பதில்: ஸ்டைல் தெரியாமல் வாங்காதீர்கள். டபிள்யூ.கே.எஃப். (உலகக் கராத்தே கூட்டமைப்பு) விதிப்படி நடக்கும் போட்டிக்குச் சிவப்பு, நீலம் இரண்டு நிறத்திலும் கிளவுஸ் வேண்டும். சில போட்டிகளில் அந்த அமைப்பின் ஒப்புதல் முத்திரை இல்லாததை மேட் அருகிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கியோகுஷினில் பெரியவர்கள் வெறுங்கையால் மோதுகிறார்கள், முகத்தில் குத்தக்கூடாது. இந்த கிளவுஸ் அங்கே வீண்.

டிரஸ் அளவு உயரத்தைப் பொறுத்தது: 0 என்றால் சுமார் 130 செ.மீ., அதற்குமேல் ஒவ்வொரு எண்ணுக்கும் 10 செ.மீ. கூட்டுங்கள். முழுப் பருத்தி சுருங்கும். குளிர்ந்த நீரில் துவைத்து நிழலில் காய வைத்த பிறகே சட்டைக் கையைப் பாருங்கள். கை மணிக்கட்டைத் தாண்டக்கூடாது, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவுக்கு மேலே ஏறவும் கூடாது. பேன்ட் கணுக்கால் எலும்புக்குக் கீழே இறங்கக்கூடாது. போட்டியில் கையைச் சுருட்டிவிட அனுமதியில்லை, அதனால் 'வளர்ற பிள்ளை' என்று இரண்டு சைஸ் பெரிதாக எடுப்பது அங்கே உதவாது. பழகத் தொடங்குபவருக்கு 8 அவுன்ஸ் கனமுள்ள துணி போதும். உதறும்போது 'டப்' என்று சத்தம் வரும் 12, 14 அவுன்ஸ் துணி கட்டா போட்டியாளர்களுக்கு. நம்ம ஊர் வெயிலில் குழந்தைக்கு அது தண்டனை. ப்ளீச் போடாதீர்கள், துணி மஞ்சளாகி இற்றுப்போகும்.

கேள்வி: ஒரு வருடக் கட்டணத்தை மொத்தமாக வாங்கிய வகுப்பு இரண்டாம் மாதமே மூடிவிட்டது. என்ன செய்ய?

பதில்: ரசீது, பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் செய்திகளை எடுத்து வையுங்கள். மீதித் தொகையைக் கேட்டு 15 நாள் அவகாசத்துடன் ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். வகுப்புக்குக் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது.