லைம்லைட்: எலுமிச்சை இல்லை, சுண்ணாம்பு

அன்புள்ள ஐயா,

லண்டன் நாடக அரங்குகளைப் பற்றிய பழைய ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். மேடைக்கு மேலே ‘லைம்ஸ்’ பக்கத்தில் ஓர் ஆள் நின்றிருந்ததாக அதில் வருகிறது. லைம்லைட் என்றால் புகழ் வெளிச்சம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். அகராதியைப் பார்த்தால் லைம் என்பதற்கு முதல் பொருள் எலுமிச்சை. இளம்பச்சை நிறத்தில் எரிந்த விளக்கா அது? இன்னோரிடத்தில், ‘வழக்கு முடிந்தபின் அந்த நடிகை லைம்லைட்டில் இல்லை’ என்று இருக்கிறது. ‘வெளிச்சத்துக்கு வரவில்லை’ என்று எழுதலாமா?

அன்புடன்,
வாசகர் ஒருவர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

எலுமிச்சைக்கும் அந்த விளக்குக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது சுண்ணாம்பு. வெற்றிலையில் தடவுகிற, சுவருக்கு அடிக்கிற அதே சுண்ணாம்புதான்; ஆனால் தண்ணீர் விட்டு நீற்றுவதற்கு முன்னால், காளவாயிலிருந்து எடுத்தபடி இருக்கும் சுட்ட கல்.

ஆங்கிலத்தில் லைம் என்று ஒலிக்கும் பெயர்ச்சொற்கள் மூன்று உண்டு. மூன்றுக்கும் வேர் வேறு. பழத்தின் பெயர் அரபியிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. லைம் மரம் என்று இங்கிலாந்தில் சொல்வது லிண்டன் மரத்தை. ‘லிண்ட்’ என்ற பழைய பெயர் வாய்க்கு வாய் மாறி அப்படி ஆனது. சுண்ணாம்பைக் குறிக்கும் லைம்தான் இவற்றில் ஆங்கிலத்துக்கு மிகப் பழையது. பழைய ஆங்கிலத்தில் அதை ‘லீம்’ என்றார்கள். முதற்பொருள் ஒட்டும் பொருள், பிசின். கிளையில் தடவிப் பறவை பிடிக்கும் பிசினை ஆங்கிலத்தில் இன்றும் ‘பேர்ட்லைம்’ என்கிறார்கள். ஜெர்மன் மொழியில் ‘லைம்’ என்றால் இன்றைக்கும் பசைதான். கல்லையும் கல்லையும் ஒட்டவைக்கும் சாந்து என்பதால் சுண்ணாம்புக்கும் அந்தப் பெயரே வந்தது. நாமோ அதைப் பொடியாகப் பார்த்தோம். தூள் என்று பொருள்படும் ‘சூர்ண’ என்ற வடசொல்லே சுண்ணமாகி, அதிலிருந்து சுண்ணாம்பும் வந்தது. ஒரே பொருளை ஒருவர் ஒட்டுவது என்கிறார், மற்றவர் உதிர்வது என்கிறார். விளக்குக்காரருக்கு இந்த இரண்டாவது குணம்தான் பெருந்தொல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஹைட்ரஜனை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்தால் வரும் சுடர் கடுஞ்சூடானது. ஆனால் கண்ணுக்கு வெளிறிய நீலமாகத்தான் தெரியும். விளக்குக்கு உதவாது. அதைச் சுட்ட சுண்ணாம்பின் மேல் பாய்ச்சினால் கதை வேறு. சுண்ணாம்பு ஏறத்தாழ 2,600 டிகிரி செல்சியஸ்வரை உருகாமல் நிற்கும். அந்தச் சூட்டைத் தாங்கி நின்று, வெண்ணிறமாகக் கண் கூச ஒளிவிடும். கோல்ட்ஸ்வொர்தி கர்னி என்ற ஆங்கிலேயக் கண்டுபிடிப்பாளர் 1820-களில் ஊதுகுழாய்ச் சோதனைகளில் இதைக் கவனித்தார். ஆனால் முதலில் பேர் வாங்கித் தந்தது நாடகம் அல்ல, நில அளவை. அயர்லாந்தை அளந்துகொண்டிருந்த பொறியாளர் தாமஸ் டிரம்மண்ட், சாராயச் சுடரில் ஆக்சிஜனைச் செலுத்தி, குழிந்த கண்ணாடியின் நடுவே ஒரு சுண்ணாம்பு உருண்டையை ஒளிரவைத்தார். 1825-இல் டோனகல் மலையொன்றில் ஏற்றிய அந்த விளக்கு, அறுபது மைலுக்கும் அப்பால் பெல்ஃபாஸ்ட் அருகிலிருந்த குன்றில் தெரிந்தது. அதனால் அதை டிரம்மண்ட் விளக்கு என்றே அழைத்தார்கள். 1837-இல் லண்டன் கோவண்ட் கார்டன் அரங்கத்துக்குள் வந்தது.

உங்கள் கட்டுரையில் வரும் ஆளுக்கு என்ன வேலை என்று தெரிந்தால்தான் அந்தப் பத்தியைச் சரியாகப் பெயர்க்க முடியும். ஒரு அங்குலக் குறுக்களவில், நடுவில் துளையிட்ட சுண்ணாம்பு உருளையை ஒரு கம்பியில் செருகியிருப்பார்கள். காற்று அண்டாத டப்பாவிலிருந்து ஆட்டத்துக்குச் சற்று முன்புதான் அதை எடுப்பார்கள். வெளியே வைத்தால் காற்றின் ஈரத்தைக் குடித்துப் பூத்து உதிர்ந்துவிடும். நம் வீட்டில் டப்பா திறந்து கிடந்த கல் சுண்ணாம்பைப் போல. முதலில் ஹைட்ரஜனை மட்டும் பற்றவைத்து, உருளையைத் திருப்பித் திருப்பிச் சூடேற்ற வேண்டும். குளிர்ந்த கல்லில் முழுச்சுடரைப் பாய்ச்சினால் விரிசல் விடும். பிறகு ஆக்சிஜனை மெல்லத் திறக்க வேண்டும். சுடரின் சிவப்பு மறைந்து கல் வெளுத்தால் அளவு சரி. அதற்கு மேல் திறந்தால் இரைச்சல் கூடும், வெளிச்சம் குறையும். அணைக்கும்போது ஆக்சிஜனை முதலில் மூட வேண்டும்.

அதோடு வேலை முடியாது. சுடர் படும் இடத்தில் சில நிமிடங்களில் குழி விழும். குழி ஆழமானால் சுடர் திரும்பி முன்னாலிருக்கும் லென்ஸில் அடித்து அதை உடைத்துவிடும். ஆகவே உருளையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். வாயுக்கள் தனித்தனி ரப்பர் துணிப் பைகளில் இருக்கும். இரண்டு பலகைகளுக்கு நடுவே பையை வைத்து மேலே 25 கிலோ எடைக்கற்களை ஏற்றி அழுத்தம் கொடுப்பார்கள். அழுத்தம் ஏறுமாறாகி ஒரு வாயு மற்றதன் பைக்குள் புகுந்தால் வெடிதான். ஒரு கை கல்லைத் திருப்ப, மறு கை மேடையில் நடிகர் நகர நகர விளக்கையும் நகர்த்தும்.

சொல்லின் இன்றைய பொருள் பிறந்தது இங்கேதான். மற்ற கேஸ் விளக்குகள் மேடை முழுவதும் மங்கலாகப் பரவின. இதுவோ ஒருவரை மட்டும் பிரித்து எடுத்துக் காட்டியது, அவர் போகுமிடமெல்லாம் கூடவே போனது. ஆகவே லைம்லைட்டில் இருப்பது என்றால் புகழோடு இருப்பது அல்ல. அத்தனை பேர் கண்ணும் தன்மேல் இருக்க நிற்பது. அது அவமானத்தாலும் நேரலாம், நீங்கள் குறிப்பிடும் நடிகைக்கு நேர்ந்தது போல. 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இந்தப் பொருள் நிலைத்துவிட்டது. மின்விளக்கு வந்து சுண்ணாம்பு போன பிறகும், நடிகரைப் பின்தொடரும் விளக்கை பிரிட்டிஷ் அரங்கத் தொழிலாளர்கள் இன்னும் ‘லைம்’ என்றே சொல்கிறார்கள்.

இனி உங்கள் இரண்டு இடங்கள். மேடைக்கு மேலே நிற்பவர் ‘சுண்ணாம்பு விளக்குக்காரர்’. தயங்காமல் அப்படியே எழுதுங்கள். அங்கே அது உவமை இல்லை, கருவி. இரண்டாவது இடத்தில் ‘வெளிச்சத்துக்கு வரவில்லை’ வேண்டாம். தமிழில் அது மறைந்திருந்த குட்டு வெளிப்படவில்லை என்ற பொருளைத் தந்துவிடும். வழக்கு நடந்தவரைப் பற்றிய வரியில் அது பெரிய பிழை. ‘புகழ் வெளிச்சம்’ என்பதும் ஒத்துவராது. ‘வழக்கு முடிந்தபின் அந்த நடிகை ஊர்க்கண்ணில் படாமல் ஒதுங்கியே இருந்தார்’ என்று எழுதலாம்.