லினக்ஸில் வைஃபை அடாப்டர்: பிராண்டைப் பார்க்காதீர்கள், சிப்பைப் பாருங்கள்

கேள்வி: பழைய கணினியில் லினக்ஸ் மின்ட் போட்டேன். எல்லாம் நன்றாக ஓடுகிறது, வைஃபை மட்டும் இல்லை. யூஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்று வாங்கிச் செருகினால் விளக்கு எரிகிறது, ஆனால் நெட்வொர்க் பட்டியலே வரவில்லை. கூட வந்த சிடியில் விண்டோஸ் டிரைவர்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அந்த சிடியை எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள், உங்களுக்கு அது வேண்டாம். ஒரு காலத்தில் என்டிஐஎஸ்ராப்பர் என்ற கருவியை வைத்து விண்டோஸ் டிரைவரையே லினக்ஸில் ஓட்டினார்கள், பழைய குறிப்புகளில் அந்த யோசனை இன்னும் கண்ணில் படும். இன்றைக்கு அந்தப் பக்கமே போக வேண்டாம்.

உங்கள் அடாப்டர் எந்த கம்பெனி என்பது லினக்ஸுக்கு ஒரு பொருட்டே இல்லை. உள்ளே என்ன சிப் இருக்கிறது என்பதுதான் எல்லாம். ஒரே மாடல் பெயரில் வேறு வேறு சிப் வருவது சாதாரணம்: டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் முதல் பதிப்பில் அதெரோஸ் சிப் இருந்தது, செருகியதும் வேலை செய்யும், இரண்டாம் பதிப்பிலிருந்து ரியல்டெக் சிப்புக்கு மாறிவிட்டார்கள், டிரைவரே வேறு. பெட்டியில் ஒரே பெயர்தான். அதனால் பெட்டிப் பெயரை வைத்துத் தேடினால் பாதி நேரம் தவறான வழிதான் கிடைக்கும்.

டெர்மினலைத் திறந்து எல்எஸ்யூஎஸ்பி (lsusb) என்று அடியுங்கள். செருகியிருக்கும் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு வரி வரும், அதில் ஐடி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் நடுவே முக்காற்புள்ளி போட்டு நான்கும் நான்குமாக எட்டு எழுத்துகள் இருக்கும். முதல் நான்கு தயாரிப்பாளர்: 0பிடிஏ என்றால் ரியல்டெக், 148எஃப் என்றால் ராலிங்க், 0இ8டி என்றால் மீடியாடெக். அடாப்டரை விற்ற கம்பெனியே தன் எண்ணைப் போட்டிருப்பதும் உண்டு. அடுத்த நான்கு, சாதனம் எது என்பது. இனிமேல் எங்கே தேடினாலும், யாரிடம் கேட்டாலும் இந்த எட்டு எழுத்துகளைச் சொல்லுங்கள்.

அந்த வரியில் 0பிடிஏ:1ஏ2பி என்று இருந்தால் விஷயம் எளிது. அடாப்டர் தன்னை ஒரு சிடி டிரைவ் என்று சொல்லிக்கொண்டு நிற்கிறது, விண்டோஸ்காரர்கள் டிரைவரை அதிலிருந்தே நிறுவிக்கொள்ளட்டும் என்று செய்த ஏற்பாடு. விளக்கு எரிந்தும் பட்டியல் வராததற்கு இது ஒரு முக்கியக் காரணம். கோப்பு மேலாளரில் புதிதாக ஒரு டிரைவ் வந்திருக்கிறதா பாருங்கள், அதை வலது கிளிக் செய்து எஜெக்ட் கொடுத்துவிட்டு மறுபடி எல்எஸ்யூஎஸ்பி அடித்தால் எண் மாறியிருக்கும், அப்போதுதான் அது நிஜமான வைஃபை சாதனம். ஒவ்வொரு முறையும் கையால் செய்ய முடியாது, இதற்காகவே யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச் என்ற தொகுப்பு இருக்கிறது, நிறுவிக்கொள்ளுங்கள்.

எண் சரியாகவே இருக்கிறது, இருந்தும் பட்டியல் இல்லை என்றால், சூடோ டிமெஸ்ஜி -டபிள்யூ (sudo dmesg -w) என்று ஓடவிட்டு அடாப்டரைக் கழற்றி மறுபடி செருகுங்கள். கர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, என்ன நினைக்கிறது என்பது கண்முன்னால் வரிவரியாக ஓடும். ஃபர்ம்வேர் ஏற்றும் முயற்சி தோல்வி, பிழை -2 என்று வந்தால், டிரைவர் இருக்கிறது, சிப்புக்குள் ஏற்ற வேண்டிய கோப்பு வட்டில் இல்லை என்று அர்த்தம். மின்ட்டிலும் உபுண்டுவிலும் லினக்ஸ்-ஃபர்ம்வேர் என்ற தொகுப்பைப் புதுப்பித்தால் போதும். டெபியனில் சிப்புக்கு ஏற்ற தொகுப்பைத் தனியாகப் போட வேண்டும். 2023-இல் வந்த டெபியன் 12 முதல் நிறுவும்போதே இது பெரும்பாலும் தானாக வந்துவிடுகிறது.

யூஎஸ்பி சாதனம் கண்டறியப்பட்டது என்பதோடு வரிகள் நின்றுவிட்டால், உங்கள் கர்னலில் இதற்கு டிரைவரே இல்லை. பெரும்பாலும் கர்னல் பழசாக இருக்கும். யூநேம் -ஆர் (uname -r) அடித்துப் பதிப்பைப் பாருங்கள். ரியல்டெக்கின் 8821சியு, 8822பியு போன்ற சிப்புகளுக்குக் கர்னல் 6.2-இல்தான் யூஎஸ்பி ஆதரவு வந்தது, மீடியாடெக் 7921-க்கு 5.18-இல். மின்ட்டின் அப்டேட் மேனேஜரில் வியூ மெனுவுக்குள்ளேயே லினக்ஸ் கர்னல்கள் என்று ஒரு பகுதி உண்டு, அங்கே புதியதைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் செய்தால் பல பேருக்கு அத்தோடு தீர்ந்துவிடும்.

சரி, வைஃபையே இல்லாமல் இதையெல்லாம் எப்படி இறக்குவது? ஆண்ட்ராய்டு போனை கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங்கை, அதாவது போனின் இணையத்தைக் கணினிக்குத் தரும் வசதியை, இயக்குங்கள். கம்பி வழி நெட்வொர்க் போலவே லினக்ஸ் அதை எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: இணையத்தில் கிடைத்த சோர்ஸ் கோடிலிருந்து டிரைவரை நானே கம்பைல் செய்து போட்டேன், அருமையாக ஓடியது. ஒரு அப்டேட் வந்ததும் வைஃபை போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் இதே வேலையா?

பதில்: அந்த டிரைவர் அன்றிருந்த கர்னலுக்காக மட்டும் உருவானது. கர்னல் மாறியதும் அது பொருந்தாது. டிகேஎம்எஸ் என்ற கருவி வழியாக நிறுவியிருந்தால் கர்னல் மாறும்போதெல்லாம் தானே மறுபடி கம்பைல் ஆகும், ஆனால் கம்பைல் செய்யத் தேவையான, புதிய கர்னலுக்கான ஹெடர் தொகுப்பும் கூடவே இருக்க வேண்டும், பலருக்கு இடறுவது இங்கேதான். நம்பகமான கையொப்பம் இல்லாததை ஏற்ற விடாத செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால் இன்னொரு படி உண்டு: நிறுவும்போது கேட்கும் கடவுச்சொல்லைக் குறித்து வைத்து, அடுத்த பூட்டில் வரும் நீலத் திரையில் என்ரோல் எம்ஓகே தேர்ந்தெடுத்து அதைக் கொடுக்க வேண்டும். அந்தத் திரையைக் கவனிக்காமல் தாண்டிவிட்டால், கம்பைல் ஆன டிரைவரைக் கர்னல் ஏற்றவே ஏற்றாது. இவ்வளவுக்கும் முன்னால், உங்கள் சிப்புக்கான டிரைவர் புதிய கர்னலிலேயே சேர்ந்துவிட்டதா என்று பாருங்கள். சேர்ந்திருந்தால் நீங்கள் போட்டதை நீக்கிவிடுங்கள், இரண்டும் ஒன்றோடொன்று மோதும்.

கேள்வி: இணைகிறது, கொஞ்ச நேரத்தில் அறுந்துவிடுகிறது.

பதில்: மின் சேமிப்பைச் சந்தேகியுங்கள். இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜரின் அமைவுக் கோப்பில் வைஃபை.பவர்சேவ் (wifi.powersave) 3 என்றிருந்தால் 2 ஆக்குங்கள். அப்புறம், அடாப்டர் யூஎஸ்பி 3 போர்ட்டில், ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்தில் இருக்கிறதா? யூஎஸ்பி 3 எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே விழும், இன்டெல் 2012-லேயே இதை அளந்து வெளியிட்டது. ஒரு யூஎஸ்பி நீட்டிப்பு கேபிள் போட்டு அடாப்டரைத் தள்ளி வையுங்கள், அல்லது ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள்.

கேள்வி: புதிதாக வாங்குவதானால் எது?

பதில்: மீடியாடெக் 7612யு சிப் உள்ளதை வாங்குங்கள், 4.19-லிருந்தே கர்னலில் இருக்கிறது, டிரைவரைத் தேடி அலைய வேண்டாம். வேகம் குறைவானாலும் பரவாயில்லை, 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் போதும் என்றால் அதெரோஸ் ஏஆர்9271. அதன் ஃபர்ம்வேரின் சோர்ஸ் கோடு கூடத் திறந்தே கிடக்கிறது, வைஃபை சிப்புகளில் இது மிக அரிது. விற்பவர் சிப் பெயரைச் சொல்லாமல் 'லினக்ஸ் சப்போர்ட் உண்டு' என்று மட்டும் போட்டிருந்தால் வாங்காதீர்கள்.