சிவப்பு நீலமானால் மருந்து இருக்கிறதா?

கேள்வி: காரமடைப் பக்கம் இரண்டரை ஏக்கரில் கறிவேப்பிலை வைத்திருக்கிறேன். ஏற்றுமதி வியாபாரி போன வெட்டில் இலையில் பூச்சிமருந்து எச்சம் இருக்கிறதென்று சரக்கைத் திருப்பிவிட்டார். பூச்சிமருந்துக் கடையில் ‘நானோ தங்க கிட்’ என்று சிவப்புத் தண்ணீர் உள்ள ஒரு பாட்டிலை 1,800 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். இலையை அரைத்து வடிகட்டி அதில் நாலு சொட்டு விட வேண்டும், மருந்து இருந்தால் நீலமாகும் என்றார்கள். போர் தண்ணீரில்தான் அரைக்கிறேன். மூன்று வாரமாக மீன் அமிலம் (மீனும் வெல்லமும் ஊறவைத்த கரைசல்) தவிர எதுவும் அடிக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் நீலமாகிறது. அடுத்த வாரம் வெட்டு. வெட்டலாமா ஐயா?

பதில்: முதலில் ஒரு வேலை செய்யுங்கள். மூன்று கண்ணாடிக் குப்பியில் அந்தச் சிவப்புத் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றுங்கள். முதல் குப்பியில் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் நாலு சொட்டு. இரண்டாவதில் உங்கள் போர் தண்ணீர் நாலு சொட்டு, இலையே வேண்டாம். மூன்றாவதில் மருந்தே காணாத கொல்லை மரத்து இலையை, காய்ச்சி வடித்த நீரில் அரைத்து எடுத்த சாறு. இரண்டாவது குப்பி நீலமானால், நீங்கள் இத்தனை நாள் சோதித்தது இலையை அல்ல, போர் தண்ணீரின் உப்பை.

காரணம் எளிது. அந்தச் சிவப்பு சாயம் அல்ல, தங்கம். இந்த வகைத் திரவத்தில் பெரும்பாலும் 13 நானோமீட்டர் அளவுள்ள துகள்கள் மிதக்கும். தனித்தனியாக இருக்கும்வரை சிவப்பு, ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டால் ஊதா, அப்புறம் நீலம். துகள்மேல் இருக்கும் மின்னூட்டம்தான் ஒன்றை ஒன்று நெருங்கவிடாமல் தள்ளி நிறுத்துகிறது. உப்பு சேர்ந்தால் அந்தத் தள்ளல் அடங்கிவிடும், எலுமிச்சை பிழிந்த பால் திரிவதுபோல எல்லாம் திரண்டுவிடும். புளிப்பு ஏறினாலும் திரளும். தங்கத்துக்குக் கந்தகம் என்றால் தனிப் பிரியம். கந்தகமோ அமீனோ உள்ள பல பொருள்கள் துகள்களைச் சேர்த்துப் பிடித்துவிடும். உங்கள் மீன் அமிலத்தில் இரண்டும் உண்டு. அதுவே நீலமாக்கியிருந்தாலும் எனக்கு ஆச்சரியமில்லை.

கடைக்காரர் புது டெக்னாலஜி என்றிருப்பார். மைக்கேல் ஃபாரடே 1857-லேயே தங்கத்தை இப்படிச் சிவப்புத் திரவமாக்கி லண்டனில் காட்டிவிட்டார். கர்ப்பம் பார்க்கும் பட்டையில் விழும் சிவப்புக் கோடும் பெரும்பாலும் இந்தத் தங்கத் துகள்தான். அங்கே துகள்மேல் ஒரே ஒரு ஹார்மோனை மட்டும் பிடிக்கும் எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி) ஒட்டியிருக்கிறது, அதனால் நம்பலாம். உங்கள் பாட்டிலில் அப்படி ஒரு பூட்டு இருக்கிறதா? பாட்டில் ஒன்றுதான், கூட வேறு குப்பி எதுவும் இல்லை என்றால் இருக்க வாய்ப்பில்லை.

ஒழுங்கான கிட்களில் நொதி ஒன்று தனிக் குப்பியில் வரும். பூச்சியின் நரம்பில் மருந்து முடக்குகிற அதே நொதி. அது உயிரோடு வேலை செய்தால் அதன் விளைபொருள் தங்கத்தைத் திரட்டி நீலமாக்கும். மருந்து இருந்தால் நொதி முடங்கி, தண்ணீர் சிவப்பாகவே நிற்கும். ஆக அந்த வகையில் நீலம் நல்லது, சிவப்புதான் ஆபத்து! விற்றவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், முகம் எப்படிப் போகிறதென்று. அந்த ஒழுங்கான கிட்டும் ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் என்ற இரண்டு வகைப் பூச்சிமருந்துகளை மட்டுமே காட்டும். இமிடாகுளோபிரிட், சைபர்மெத்ரின், மாங்கோசெப் போன்ற வேறு வகை மருந்தெல்லாம் அதன் கண்ணில் படாது.

அளவையும் பாருங்கள். தனி வரம்பு வைக்காத மருந்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் பொதுவாக வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். 500 மில்லிகிராம் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றை 50 டன் இலையில் தூவிய மாதிரி. அரைத்த பச்சைச் சாற்றில் அதை வெறுங்கண்ணால் நிறம் பார்த்துச் சொல்வது நடக்கிற காரியமில்லை.

சரி, நீங்கள் கேட்காததற்கு வருகிறேன். மூன்று வாரமாக எதுவும் அடிக்கவில்லை என்கிறீர்கள். அதற்கு முன்னால்? என்ன மருந்து, எந்தத் தேதி, டேங்குக்கு எத்தனை மில்லி? கடிதத்தில் ஒரு வரி இல்லை. கறிவேப்பிலையில் அடிக்கடி சிக்குவது புரொஃபெனோஃபாஸ் என்ற பூச்சிமருந்து. அதைத் தனியாக வாங்கியிருக்க மாட்டீர்கள். பருத்திக்கென்று வரும் புரொஃபெனோஃபாஸ், சைபர்மெத்ரின் கலவையை ‘புழுவும் போகும், சாறு உறிஞ்சியும் போகும்’ என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். கடை பில்லில் வெறும் பிராண்டு பெயர்தான் இருக்கும். இப்படி மருந்தும் விற்று, அந்த மருந்து இருக்கிறதா என்று பார்க்கக் கிட்டும் விற்பவரை நான் வியாபாரி என்றுகூடச் சொல்ல மாட்டேன்.

நான் முப்பது வருடமாகச் சொல்லி அலுத்த விஷயம் ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, லேபிளில் உள்ள மருந்தின் வேதிப் பெயர், அளவு, காத்திருப்பு நாள் (அடித்ததிலிருந்து வெட்டும்வரை விட வேண்டிய நாள்), வெட்டு தேதி. அடித்த ஆளே, அடித்த அன்றைக்கே எழுத வேண்டும். காலி டப்பாவின் லேபிளைக் கிழித்து அந்தப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். சரக்கு திரும்பினால் எந்த அடியில் தவறு என்று அன்றைக்கே தெரிந்துவிடும். கறிவேப்பிலைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு வெட்டு. வெட்டிய பின் துளிர் விடும்போதுதான் சாறு உறிஞ்சி வரும். ரசாயனம் தேவைப்பட்டால் அப்போதே முடித்துவிடுங்கள், அதுவும் லேபிளில் உங்கள் பயிரின் பெயர் இருந்தால் மட்டும். கடைசி ஒன்றரை மாதம் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசலோடு நிறுத்துங்கள், 100 லிட்டருக்கு 5 கிலோ பருப்பு.

இப்போதைக்கு வெட்டைத் தள்ளிவையுங்கள். அங்கீகாரம் பெற்ற எச்ச ஆய்வகத்துக்கு, முடிந்தால் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு, ஒரு கிலோ இலை அனுப்பி முடிவு வரட்டும். நாலு மூலையிலும் நடுவிலுமாகப் பறியுங்கள். கழுவ வேண்டாம், புதுப் பையில் போடுங்கள். மருந்து கலக்கிய கையோடு பறிக்காதீர்கள்.