அமரோனேவுக்கு எது பொருத்தம்?

கேள்வி: அக்டோபர் கடைசியில் நானும் மனைவியும் இத்தாலியில் வெரோனாவுக்குப் போகிறோம். அங்கே அமரோனே என்ற சிவப்பு ஒயினைக் குடிக்காமல் வராதே என்கிறார் நண்பர். ரொம்பக் கடுமையாக இருக்கும் என்று பயமும் காட்டுகிறார். எந்தச் சாப்பாட்டோடு எடுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும்? மனைவி சைவம்.
- வாசகர், கோவை

பதில்: சரியான நேரத்தில்தான் போகிறீர்கள். வெரோனாவில் ஓர் உணவகத்தின் அடுப்படியில் ஆறு வருடம் நின்றவன் நான். அமரோனேயைக் குடிப்பதற்கு முன்னால், அந்தத் திராட்சை காயும் பரணைப் பார்த்துவிடுங்கள். நகருக்கு வடமேற்கே வால்போலிசெல்லா மலைச்சரிவில், நெக்ரார், ஃபுமானே பக்கம் பல பண்ணைகளில் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனால் காட்டுவார்கள்.

அறுத்த கொர்வீனா திராட்சைக் குலைகளைத் தட்டுகளில் ஒன்றோடொன்று நெருக்காமல் பரப்பி, மூன்று நான்கு மாதம் வாட விடுவார்கள். நம் வற்றல் போல வெயிலில் இல்லை. நிழலில், வெறும் காற்றில். நான் முதலில் போனது ஒரு நவம்பர் காலை. வெளியே மூடுபனி, அதனால் ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு விசிறிகளை ஓடவிட்டிருந்தார்கள். வயதான அம்மா ஒருவர் தட்டுத் தட்டாகப் பார்த்து, பூசணம் பிடித்த பழங்களைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். நல்ல பழம் ஒன்றை என்னிடம் நீட்டினார். தோல் சுருங்கி, உள்ளே பாகு மாதிரி இருந்தது. 100 கிலோ பழம் காய்ந்தால் 60, 65 கிலோதான் நிற்கும். ஒயின் 40 லிட்டருக்கு மேல் எடுக்கக்கூடாது என்பது விதி. விலையும் வீரியமும் அதனால்தான். ஆல்கஹால் 15, 16 சதவீதம் சாதாரணம். சர்க்கரை பெரும்பாலும் நொதித்துத் தீர்ந்துவிடும். அமாரோ என்றால் கசப்பு. பெயர் அங்கிருந்து வந்தது.

நண்பர் சொன்ன கடுமையில் பாதி துவர்ப்பு. கொழுப்பும் புரதமும் சேர்ந்தால் அது அடங்கிவிடும். நீங்கள் அசைவம் என்றால் பிரசாத்தோ கேளுங்கள். ஒயினிலேயே மணிக்கணக்கில் வெந்த மாட்டிறைச்சி, பக்கத்தில் சோள மாவுக் களி. பாஸ்திசாதா தே காவல் என்று மெனுவில் இருந்தால் அது குதிரை இறைச்சி. ஊரின் பழைய சமையல், பிரமாதமாகவும் இருக்கும், தெரிந்து வாங்குங்கள்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது அமரோனே ரிசோத்தோ, அதாவது அந்த ஒயின் ஊற்றிக் குழைய வேகவைத்த அரிசிச் சாப்பாடு. அரிசியும் பக்கத்து ஊர்தான்: வெரோனாவுக்குத் தெற்கே இசோலா தெல்லா ஸ்காலாவில் விளையும் வியலோனே நானோ. வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கி, அரிசியைப் புரட்டி, சூடான ஒயினை ஊற்றுவோம். கிளறக் கிளற, நாவல் பழம் தின்ற நாக்கின் நிறத்துக்கு வரும் பாருங்கள், அந்த நிமிடத்துக்காகவே அடுப்பு முன்னால் நிற்கலாம். அப்புறம் கரண்டி கரண்டியாகச் சாறு. இறக்கியபின் வெண்ணெய், மோன்தே வெரோனேசே சீஸ். உங்கள் மனைவிக்கும் இதைத்தான் சொல்வேன், ஆனால் அந்தச் சாறு பல இடங்களில் இறைச்சிச் சாறு. "ப்ரோடோ வெஜெத்தாலே?" (காய்கறிச் சாறுதானா?) என்று கேட்டுவிட்டு ஆர்டர் செய்யச் சொல்லுங்கள். இந்த சீஸைத் திரிய வைப்பதும் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறை. அதுவும் கூடாது என்பவரானால் சீஸ் சேர்க்காமல் காளான் போட்ட களி வாங்கலாம். நன்றாகவே ஒத்துப்போகும்.

மீனோடு வேண்டாம். காரத்தோடு வேண்டவே வேண்டாம். இவ்வளவு ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலை இன்னும் ஏற்றிவிடும்.

பாட்டிலைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே திறந்து வைக்கச் சொல்லுங்கள். முழுப் பாட்டில் இருவருக்கு அதிகம், கிளாஸ் கணக்கில் கேட்டாலே போதும். மதியச் சாப்பாட்டுக்கு ரிப்பாஸோ வாங்குங்கள்: அமரோனே வடித்த சக்கையின் மேல் வால்போலிசெல்லா ஒயினை விட்டு மறுபடி நொதிக்க வைத்தது. அதே வாசனை லேசாக இருக்கும், விலையும் குறைவு. அமரோனேயை இரவுக்கு வைத்துக்கொண்டு, கடைசி இரண்டு வாயை மட்டும் ஒரு துண்டு முதிர்ந்த சீஸோடு மெதுவாகக் குடியுங்கள்.