வெல்கம் திரையில் ஆறு தட்டு

கேள்வி: அலுவலகத்தில் 70 பேருக்கு போன் கொடுத்திருக்கிறோம். அவற்றை நிர்வகிக்கும் மென்பொருளும் வாங்கியாயிற்று. ஆனால் ஒரு போனை அதில் சேர்ப்பதற்கான வழிகாட்டி மட்டும் 14 பக்கம். பாதிப் பேர் நடுவிலேயே விட்டுவிடுகிறார்கள். எளிமையான செட்டப் கருவி ஒன்றை நாமே செய்துவிடலாம் என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: லேப்டாப்பைக் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள். ஒரு போனை ரீசெட் செய்து, செட்டிங்ஸ் பக்கமே போகாத ஒருவரிடம் அந்த 14 பக்கத்தோடு கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் பாருங்கள். நான் பார்த்த அன்று கணக்குப் பிரிவு அம்மா ஒருவர் சர்வர் முகவரி கேட்ட கட்டத்தில் சிக்கிக்கொண்டார். வழிகாட்டியில் முகவரி வாக்கியத்தின் கடைசியில் இருந்தது. அவர் முற்றுப்புள்ளியையும் சேர்த்தே தட்டினார். மூன்று முறை. தப்பு அவர் மேல் இல்லை. மனிதர் கையால் அடிக்கத் தேவையே இல்லாத ஒன்றை அடிக்கச் சொன்னது நாங்கள்.

ஆண்ட்ராய்டில் அதை அடிக்கவே வேண்டாம். புதிய போனிலோ ரீசெட் செய்த போனிலோ முதலில் வரும் வெல்கம் திரையில் ஒரே இடத்தில் ஆறு முறை தட்டினால் க்யூஆர் ஸ்கேனர் திறக்கும். ஆண்ட்ராய்டு 7 முதல் இந்த வசதி இருக்கிறது. 7, 8 பதிப்புகளில் ஸ்கேனரை நெட்டிலிருந்து இறக்க வேண்டும். 9 முதல் போனிலேயே இருக்கிறது. எந்த நிர்வாக ஆப், அதை எங்கிருந்து இறக்குவது, சேர்க்கை டோக்கன் (போனைச் சேர்க்க அனுமதிக்கும் குறியீடு), வைஃபை பெயர், கடவுச்சொல், மொழி, நேர மண்டலம் எல்லாம் அந்த க்யூஆருக்குள் அடங்கிவிடும். ஆக, உங்கள் கருவியின் முக்கால்வாசி வேலை சரியான க்யூஆர் ஒன்றைத் திரையில் காட்டுவதுதான்.

மீதி கால்வாசிதான் கஷ்டம். எதைக் கேட்பது? என் முதல் வடிவத்தில் ஒன்பது கேள்விகள் இருந்தன. அதில் ஒன்று, ‘ஃபுல்லி மேனேஜ்டா, வொர்க் புரொஃபைலா?’ அதாவது, முழுப் போனும் அலுவலக நிர்வாகத்திலா, வேலைக்கு மட்டும் போனுக்குள் தனிப் பகுதியா? பயன்படுத்திப் பார்த்தவர் திரும்பி என்னையே கேட்டார்: “சார், எது நல்லது?” அன்றே அதைத் தூக்கிவிட்டேன். இப்போது இரண்டே கேள்விகள்: போன் கம்பெனியுடையதா, உங்களுடையதா? எந்தப் பிரிவு? ஆப்கள், பூட்டு விதிகள், வைஃபை எல்லாம் அந்த இரண்டு பதிலிலிருந்து கருவியே எடுத்துக்கொள்கிறது. சொந்த போன் என்றால் வொர்க் புரொஃபைல். அதற்கு ரீசெட் தேவையில்லை. ரீசெட் என்ற சொல்லே அந்த வழியில் கண்ணில் படக்கூடாது. குழந்தையின் போட்டோக்கள் போய்விடுமோ என்று ஒருவர் பயந்துவிட்டால், அவர் திரும்பி வரமாட்டார்.

இரண்டு எச்சரிக்கை. க்யூஆருக்குள் வைஃபை கடவுச்சொல் எந்தப் பூட்டும் இல்லாமல் அப்படியே இருக்கும். யாரோ நல்ல மனசோடு அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுவார்கள், நிச்சயம் ஒட்டுவார்கள். செட்டப்புக்கென்று தனி வைஃபை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், டோக்கனுக்கு ஆயுள் உண்டு. கூகுளின் ஆண்ட்ராய்டு மேனேஜ்மென்ட் ஏபிஐயில் (மென்பொருள்கள் போன்களை நிர்வகிக்க கூகுள் தரும் சேவை) நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் ஒரு மணி நேரம்தான். காலையில் எடுத்த க்யூஆர் மதியம் வேலை செய்யாது. போனோ காரணத்தைத் தெளிவாகச் சொல்லாது. ‘11.40 வரை செல்லும்’ என்று க்யூஆருக்குக் கீழேயே பெரிய எழுத்தில் போடுங்கள்.

மேசை டிராயரில் மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்த போனில் தேதி பின்னால் போயிருக்கும். அதனாலும் சர்வரோடு இணைப்பு மறுக்கப்படும். இப்படிப் போனில் வரும் பிழைத் திரைகளை உங்கள் கருவியால் பார்க்க முடியாது என்பதால், அடிக்கடி வரும் மூன்றின் படத்தை க்யூஆருக்குப் பக்கத்திலேயே வைத்து, ‘இப்படி வந்தால் இதைச் செய்யுங்கள்’ என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

கேள்வி: மேலாளர்களிடம் ஐபோன் இருக்கிறது. அதற்கும் இதே கருவி போதுமா?

பதில்: முகப்புப் பக்கம் ஒன்றாக இருக்கலாம், உள்ளே வழி வேறு. நிறுவனங்களுக்கான ஆப்பிளின் தளமான ஆப்பிள் பிசினஸ் மேனேஜர் கணக்கோடு இணைத்து வாங்கிய ஐபோன், பெட்டியைத் திறந்து நெட்டில் இணைத்ததும் தானே நிர்வாகத்துக்குள் வந்துவிடும். சாதாரணமாக வாங்கியதை ஆப்பிள் கான்ஃபிகரேட்டர் என்ற ஆப்பிளின் ஆப் மூலம் சேர்க்கலாம். ஆனால் முதல் 30 நாள்களுக்குள் பயனர் விலகிக்கொள்ள முடியும்.

உங்கள் கருவியின் முதல் பக்கத்தில் ஒரு தேதி இருக்க வேண்டும்: ஆப்பிள் புஷ் சான்றிதழ் (நிர்வாக மென்பொருள் ஐபோன்களோடு பேச ஆப்பிள் தரும் சான்று) முடியும் நாள். ஆண்டுக்கு ஒரு முறை, எடுத்த அதே ஆப்பிள் கணக்கிலேயே அதைப் புதுப்பிக்க வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் ஒருவர் சொந்தக் கணக்கில் எடுத்துவிட்டு, வேலையையும் விட்டுப் போய்விட்டார். வேறு கணக்கில் புதிதாக எடுத்தோம். பழைய போன்கள் அதை ஏற்கவில்லை. ஒவ்வொன்றாக மறுபடி சேர்த்ததில் இரண்டு வாரம் போனது. தேதியோடு எந்தக் கணக்கு என்பதையும் காட்டுங்கள்.

கேள்வி: எங்கள் வாட்ஸ்அப்பைப் படிப்பீர்களா என்று ஊழியர்கள் கேட்கிறார்கள். கருவியில் இதற்கு என்ன செய்யலாம்?

பதில்: க்யூஆருக்கு முன்னால் ஒரு திரை வையுங்கள். சொந்த போனில் வொர்க் புரொஃபைல் போட்டவருக்கு, அலுவலகம் பார்ப்பது போன் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, வேலைப் பக்கத்து ஆப்கள். பார்க்க முடியாதது சொந்தப் பக்கத்து போட்டோ, செய்தி. அழிக்க முடிவது வேலைப் பக்கம் மட்டும். கம்பெனி போனில் முழுப் போனும் நிர்வாகத்தின் கையில். அங்கே இதே வாசகத்தை ஒட்டினால் அது பொய். இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். சொந்த போன் வழியில் ‘சேர்க்கவும்’ பட்டனுக்குப் பக்கத்தில் அதே அளவில் ‘இப்போது வேண்டாம்’ என்று இன்னொரு பட்டனும் இருக்கட்டும்.